கூத்துப் பாட்டை ஏன் இரண்டு தரம் படிக்கிறார்கள்?

மட்டக்களப்புப் பக்கம் முதன்முதலாகக் கூத்துப் பார்க்க வந்து குந்தியிருப்பவர், முதல் ராசா களரிக்கு, அதாவது கூத்தாடும் வட்ட அரங்குக்கு, வந்து ஒரு பாட்டு முடிவதற்குள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுவார்: “ராசா படிச்ச பாட்டைத்தானே நடுவில நிக்கிற ஆக்களும் படிக்கிறாங்க? என்னத்துக்கு ரெண்டு தரம்?” பக்கத்தில் இருப்பவர் சின்ன வயதிலிருந்து விடிய விடியக் கூத்துப் பார்த்தவராக இருந்தாலும் “அது அப்பிடித்தான்” என்றுதான் பெரும்பாலும் சொல்வார்.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால் கூத்தின் முக்கால்வாசி விளங்கிவிடும். பதில் தெரியாததால்தான் கூத்து என்றால் இழுத்தடிப்பு என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. போட்டிக்காகக் கூத்தைச் சுருக்குகிறவர்கள் முதலில் கத்தி வைப்பதும் இந்தத் திரும்பப் படிக்கும் இடத்தில்தான். அதை வெட்டியதும் மிச்சக் கூத்து ஏன் நொண்டுகிறது என்று அவர்களுக்கே பிடிபடுவதில்லை.

ஒரு சொல்லை முதலில் பழகிக்கொள்ளுங்கள். கூத்துக்காரர் பாட்டைப் பாடுவதில்லை, படிப்பார். “நல்லாப் படிக்கிறான்” என்று களரிக்கு வெளியே யாராவது சொன்னால் அது குரலைப் பற்றிய பேச்சு.

பாட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

பாட்டு வரும் நாடகம் எல்லாவற்றையும் ஒரே கூடைக்குள் போட்டுப் பேசுவதால் குழப்பம் தொடங்குகிறது. ஒரு எளிய சோதனை இருக்கிறது. பாட்டுகளை எடுத்துவிட்டுக் கதையைப் பாருங்கள். சினிமாவில் பெரும்பாலான பாட்டுகளை எடுத்தாலும் கதை நடந்துகொண்டே இருக்கும். அங்கே பாட்டு, போகிற வழியில் ஒரு தங்குமடம். கூத்தில் பாட்டை எடுத்தால் தூது போனவன் என்ன கேட்டான், ராசா ஏன் மறுத்தான், தாய் எதற்கு அழுதாள் என்று எதுவும் தெரியாது. கதை நடக்கிற பாதையே பாட்டுதான். இடையில் வரும் வசனம் சின்னச் சின்னப் பாலங்கள்.

இன்னும் மூன்று வகை கூத்தோடு சேர்த்துக் குழப்பப்படுகின்றன. இசை நாடகம் என்பது ஹார்மோனியம் வைத்து, முன்னால் திரை தொங்கும் மேடையில் நடிப்பது. தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மரபு அது. அங்கே நடிகர் நின்று பாடுவார், பெரும்பாலும் ஆடமாட்டார். நாட்டிய நாடகத்தில் ஆடுகிறவர் ஆட, பாடுகிறவர் ஓரத்தில் இருந்து பாடுவார். சினிமாவில் ஒருவர் வாயசைக்க இன்னொருவரின் குரல் வரும். கூத்தில் ஒரே ஆள் படிக்கவும் வேண்டும், ஆடவும் வேண்டும், வசனம் பேசவும் வேண்டும். அதுவும் பாரமான உடுப்போடு, இராவிராவாக. ஒரு மனிதனால் இது எப்படி முடிகிறது என்று யோசித்தால் நாம் தேடும் பதிலுக்குப் பக்கத்தில் வந்துவிடுவோம்.

கரைவலையும் களவெட்டியும்

கரைவலை இழுப்பதைப் பாருங்கள். ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் “ஏலேலோ” என்று வாங்குவார்கள். அவர்கள் வாங்கும் நேரத்தில் எடுத்துக் கொடுத்தவர் மூச்செடுத்துக்கொள்வார். அவருடைய கை கயிற்றில் இருக்கும். அடுத்த அடிக்கு அவர் தயாராகும்போது மற்றவர்களின் குரல் ஓய்கிறது. ஆள் மாறி ஆள் ஓய்வெடுப்பதால் வேலை ஓய்வதில்லை. பாட்டு நின்றால் இழுவையும் தளர்ந்துவிடும்.

களரியிலும் இதுதான் நடக்கிறது. படிப்பவர் ஓர் அடியைக் கொடுக்கிறார்; நடுவில் நிற்பவர்கள் வாங்குகிறார்கள். வாங்கும் நேரத்தில் அவர் கைக்குக் கயிறு இல்லை, காலுக்கு ஆட்டம் இருக்கிறது.

இன்னோர் ஒப்பீடு வயலில் இருந்து. சூடு மிதிக்கும் களவெட்டியில் மாடுகள் வட்டமாகச் சுற்றும். நெல் அந்த வட்டத்துக்குள் உதிரும். யார் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே வேலைதான் தெரியும், முன்பக்கம் பின்பக்கம் என்று ஒன்றில்லை. கூத்துக் களரியும் வட்டம். அதற்கு முன்பக்கம் கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

களரிக்குள் யார் எங்கே நிற்கிறார்கள்

களரி என்பது கூத்தாடும் இடம். ஊரின் பொது வெளியில் அல்லது கோயில் முன்றலில் மண்ணைக் கொட்டி வட்டமாக உயர்த்தி, தண்ணீர் தெளித்து இறுக்கி, சுற்றிலும் கம்பு நட்டு அலங்கரிப்பார்கள். வட்டக்களரி என்ற பெயர் அதன் வடிவத்திலிருந்து வந்தது. சின்னதாகப் போட்டால் ஆட்டம் சிக்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நடுவிலிருந்து 12 அடி தள்ளி ஆடுகிற ஒருவர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 75 அடி போகவேண்டும். எட்டுப் பேர் ஒன்றாகச் சுற்றினால் ஆளுக்கு 9 அடியளவு இடம் கிடைக்கும். விரிந்த உடுப்பும் கையில் வாளும் இருக்கும்போது அது தாராளம் அல்ல, போதுமான அளவுதான். ஆடுகிறவரின் முதுகுக்குப் பின்னாலும் மூன்று அடி மண் வேண்டும். ஆகவே 30 அடிக் குறுக்களவு நல்ல அளவு.

வட்டத்தின் நடுவில் நிற்பவர்தான் அண்ணாவியார். கூத்தைப் பழக்கி, அரங்கில் நின்று நடத்துபவர் அவர். இடுப்பில் மத்தளத்தைக் கட்டிக்கொண்டு நின்றபடியே அடிப்பார். மத்தளம் என்பது இரண்டு பக்கமும் தோல் போர்த்த மேளம். அவருக்குப் பக்கத்தில் சல்லாரி போடுபவர். சல்லாரி என்பது கையடக்கமான ஒரு சோடித் தாளம். கொப்பி பார்ப்பவர் எழுத்துப் பிரதியைக் கையில் வைத்திருப்பார். ஏடு பார்த்த காலத்தில் அவரை ஏட்டண்ணாவியார் என்றார்கள், இன்றும் சொல்கிறார்கள். இவர்களோடு நிற்கும் நாலைந்து நல்ல குரல்காரர்தான் பிற்பாட்டுக்காரர். கூத்தர் படித்ததைத் திரும்பப் படிப்பது அவர்கள் வேலை. சில ஊர்களில் பக்கப்பாட்டு என்பார்கள்.

ஆடுபவர் இவர்களைச் சுற்றி ஆடுகிறார். அவர் காலில் கட்டியிருப்பது சதங்கை. இவ்வளவுதான் வாத்தியம்: மத்தளம், சல்லாரி, சதங்கை. ஹார்மோனியம் மரபான கூத்துக்குத் தேவைப்பட்டதில்லை.

ஒரு வரவைப் பிரித்துப் பார்ப்போம்

வரவு என்பது ஒரு பாத்திரம் முதன்முதலாகக் களரிக்கு வருவது. ராசா வந்தால் கொலு வரவு. கூத்து முழுவதும் எப்படி இயங்குகிறதோ அதன் சின்ன வடிவம் வரவுக்குள் இருக்கிறது.

முதலில் நடுவில் நிற்பவர்கள் ஒரு விருத்தம் படிப்பார்கள். விருத்தம் தாளக்கட்டுப்பாடு இல்லாமல், குரலை நீட்டிப் படிக்கும் பாட்டு. வருகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று அது சொல்லும். அந்த நேரத்தில் மத்தளம் ஓய்ந்திருக்கும். சனமும் சத்தத்தைக் குறைத்துவிடும்.

பிறகு தாளக்கட்டு. கால் எப்படி விழவேண்டும் என்பதைச் சொற்கட்டால் சொல்வதுதான் தாளக்கட்டு. தெய், தித்தித்தெய், ததிங்கிணதோம் என்று வாயால் சொல்ல, மத்தளம் அதையே அடிக்க, சதங்கை அதையே ஒலிக்கும். வாய், கை, கால் மூன்றும் ஒரே வசனத்தைப் பேசுகின்றன. ஒவ்வொரு வகைப் பாத்திரத்துக்கும் தனித்தனித் தாளக்கட்டு உண்டு. ராசாவின் கால் வேறு, பெண்ணின் கால் வேறு, ராசாவின் வரவை அறிவிக்கும் கட்டியகாரனின் கால் வேறு. பழகிய காதுக்கு ஆளைப் பார்க்காமலே வருவது யார் என்று தெரிந்துவிடும்.

ஆட்டத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அதற்கென்று ஒரு முடிப்பு உண்டு. அதைத் தாளந் தீர்த்தல் என்பார்கள். வேகம் கூடிக் கூடி வந்து, மத்தளத்தின் கடைசி அடியும் காலின் கடைசி மிதியும் ஒரே கணத்தில் விழவேண்டும். புதிதாக ஆடுபவர் பிழைவிடும் இடம் இதுதான். மத்தளம் நின்ற பிறகும் சதங்கை ஒருதரம் குலுங்கினால் களரியைச் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்.

தாளந் தீர்த்த பிறகு கூத்தர் தன் பாட்டைப் படிக்கத் தொடங்குவார். தன் நாட்டைச் சொல்வார், தன் வீரத்தைச் சொல்வார், மந்திரியை அழைப்பார். அவர் ஒரு பகுதியைப் படித்து விட, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் படிப்பார்கள். அவர்கள் படிக்கும்போது கூத்தர் ஆடுவார். பிறகு அடுத்த பகுதி. பாட்டு முடிந்தால் வசனம் சில வரி. வசனம் முடிந்தால் அடுத்த பாட்டு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தாளமில்லாத விருத்தம் ஆளை அறிமுகப்படுத்துகிறது, தாளக்கட்டு அவரை ஆடவைக்கிறது, தாளந் தீர்த்தல் ஆட்டத்தை மூடுகிறது, பாட்டு கதையை நகர்த்துகிறது. கூத்தரும் பிற்பாட்டும் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில்தான் எல்லாம் பொருந்துகிறது.

இனிக் கேள்விக்கு வருவோம்

மூச்சிலிருந்து தொடங்கலாம். பாரமான உடுப்போடு சுற்றி ஆடி முடித்த ஆள் உடனே உச்சக் குரலில் நாலு அடி படிக்கிறார். அடுத்த நாலு அடியையும் அவரே படித்துக்கொண்டு ஆடினால் மூன்றாவது பாட்டிலேயே குரல் உடைந்துவிடும். பிற்பாட்டு வாங்கும் அரை நிமிடம் அவருடைய தொண்டைக்கு ஓய்வு, காலுக்கு வேலை. அவர் மீண்டும் படிக்கும்போது காலுக்கு ஓய்வு. தொண்டையும் காலும் முறை வைத்து உழைக்கின்றன. ஒரே ஆள் விடியும்வரை தாக்குப்பிடிப்பதன் இரகசியம் இதில் இருக்கிறது.

அடுத்தது காது. களரிக்கு முன்பக்கம் இல்லை என்று சொன்னோம். கூத்தர் எந்தப் பக்கம் பார்த்துப் படித்தாலும் வட்டத்தின் இன்னொரு பக்கத்துக்கு முதுகைத்தான் காட்டுகிறார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அந்தப் பக்கத்தாருக்கு அரைவாசிச் சொல் தேய்ந்துதான் கேட்டிருக்கும். பிற்பாட்டுக்காரர் நிற்பது வட்டத்தின் நட்டநடுவில். அங்கிருந்து எந்தப் பக்கமும் ஒரே தூரம். அவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அதே அடியைப் படிக்கும்போது, முதல் தரம் தவறவிட்ட சொல் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேருகிறது. வட்டமான அரங்கு இருப்பதால் பிற்பாட்டு தேவைப்படுகிறது. பிற்பாட்டு இருப்பதால்தான் வட்டமான அரங்கில் கதை சொல்ல முடிகிறது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்திருக்க நினைப்பது வீண்வேலை.

ஞாபகமும் இருக்கிறது. ஒரு கூத்தர் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளை மனப்பாடம் செய்திருக்கலாம். பிற்பாட்டு நடக்கும்போது கொப்பி பார்ப்பவர் அடுத்த அடியின் முதற்சொல்லை மெல்ல எடுத்துக் கொடுப்பார். சனத்துக்கு அது தெரியாது. பிற்பாட்டு இல்லையென்றால் அந்த முதற்சொல்லைக் கொடுக்க இடைவெளியே இல்லை.

கடைசியாக, பார்ப்பவருக்கும் பாட்டு பிடிபடுகிறது. முதல் தரம் சொல்லைக் கேட்பீர்கள். இரண்டாம் தரம் மெட்டைக் கேட்பீர்கள். பத்தாவது பாட்டில் நீங்களும் மெல்ல வாயசைத்துக்கொண்டிருப்பீர்கள். கூத்து நடந்த ஊரில் மாடு மேய்க்கிற பெடியன்வரை அந்தப் பாட்டுகளைப் படித்துக்கொண்டு திரிவதற்குக் காரணம் இதுதான்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். நாலு அடிப் பாட்டைப் படிக்க 35 விநாடி என்று வையுங்கள். 200 பாட்டுள்ள ஒரு கூத்தைத் திருப்பிப் படிக்காமல், ஆடாமல் படித்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பிற்பாட்டுக்கு இன்னொரு 35 விநாடி, ஆட்டத்துக்கும் தாளந் தீர்ப்பதற்கும் 80 விநாடி சேருங்கள். ஒரு பாட்டுக்கு இரண்டரை நிமிடம். 200 பாட்டுக்கு எட்டு மணித்தியாலமும் 20 நிமிடமும். இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் விடியற்காலை ஐந்து மணி இருபது நிமிடம் ஆகிறது. கதை நீளமானதால் கூத்து விடியவில்லை. ஆட்டத்துக்கு இடம் கொடுத்ததால் விடிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு மோடியைக் கண்டுபிடிப்பது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை உண்டு என்பது பலருக்கும் தெரியும். மோடி என்றால் பாணி. மாவட்டத்தின் வடக்கே ஆடுவது வடமோடி, தெற்கே ஆடுவது தென்மோடி என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிழை. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒன்றில் வடமோடியும் மற்றதில் தென்மோடியும் ஆடுவார்கள்; ஒரே ஊரில் இரண்டும் இருப்பதும் உண்டு.

வடமோடி சண்டைக் கதை, தென்மோடி காதல் கதை என்பது அடுத்த அரைகுறை விளக்கம். வடமோடியில் பாரத, இராமாயணப் போர்க்கதைகள் மிகுதி என்பது உண்மை. பதினெட்டாம் போர் வடமோடி, அலங்காரரூபன் தென்மோடி. ஆனால் கதையை வைத்து மோடியைத் தீர்மானிப்பது சோற்றின் நிறத்தை வைத்துக் கறியைச் சொல்வது போன்றது. மோடி இருப்பது ஆட்டத்திலும் படிக்கும் முறையிலும்.

அதைக் கேட்பதற்கு நல்ல இடம் பிற்பாட்டுதான். தென்மோடியில் எழுத்துகளை நீட்டி, இழுத்துப் படிப்பார்கள். சொல்லைப் படித்து முடித்த பிறகு பிற்பாட்டுக்காரர் பாட்டின் தருவையும் இசைப்பார்கள். தரு என்பது சொல்லை எடுத்துவிட்டு, மெட்டை மட்டும் தானத் தனன என்பதுபோன்ற அசைகளில் படிப்பது. சொல் போய் வெறும் மெட்டு மிதந்து வந்தால் நீங்கள் கேட்பது தென்மோடி என்று துணிந்து சொல்லலாம். வடமோடியில் தருவை அப்படித் தனியே இசைக்கும் வழக்கம் இல்லை. சொல் நேராக, வேகமாக வரும். போர்க்களத்தில் நிற்கிறவனுக்கு இழுத்துப் படிக்க நேரமேது!

கண்ணைத் திறந்தால் உடுப்பும் சொல்லும். வடமோடி ராசாக்களின் உடுப்பு கரப்புடுப்பு. கோழி கவிழ்க்கும் கரப்பைப் போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும், பாரமானது. தென்மோடி உடுப்பு அதைவிடப் பாரம் குறைந்தது. கால்வேலையில் தென்மோடி நுணுக்கம் கூடியது என்பது கூத்தறிந்தவர்களின் பொதுவான கருத்து. பாரமான உடுப்போடு நுணுக்கமான சின்ன அடிகளைப் போடுவது கடினம் என்பதை யோசித்தால் உடுப்பும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தி வளர்ந்திருப்பது தெரியும். அண்ணாவியாருக்கு அண்ணாவியார் வழக்கம் கொஞ்சம் மாறும். ஒரு ஊரில் கேட்டதை வைத்து இன்னோர் ஊரைப் பிழை சொல்லிவிடாதீர்கள்.

சுருக்கிச் சொன்னால், மோடி என்பது திசையும் அல்ல, கதையும் அல்ல. எப்படிப் படிக்கிறார்கள், எப்படி ஆடுகிறார்கள் என்பதுதான் மோடி.

ஒரு கூத்து எப்படிப் பழக்கப்படுகிறது

பெரும்போக வெள்ளாமை வெட்டி, நெல் வீட்டுக்கு வந்த பிறகு ஊரார் கூடி எந்தக் கூத்தைப் போடுவது என்று முடிவெடுப்பார்கள். மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழகவேண்டும். முதற்படி சட்டம் கொடுத்தல். சட்டம் என்பது ஒருவர் படிக்கவேண்டிய பாட்டுகளும் வசனங்களும் எழுதிய பகுதி. அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு, உடலமைப்பையும் பார்த்துச் சட்டத்தைக் கையில் கொடுப்பார். பெண் பாத்திரங்களையும் மரபில் ஆண்களே ஆடியதால் மெல்லிய குரல் உள்ள இளைஞருக்கு அது போகும்.

சட்டத்தை எழுதிக்கொள்ளும்போதே ஒரு பிழை நடக்கும். தன் பாட்டை மட்டும் எழுதிக்கொண்டு போவார்கள். தனக்கு முன்னால் படிப்பவரின் கடைசி அடியையும் சேர்த்து எழுதவேண்டும். இல்லாவிட்டால் பாட்டு மனப்பாடமாக இருக்கும், எப்போது தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்.

இன்னொன்று சுருதி. பிற்பாட்டுக்காரர் எல்லாக் கூத்தருக்கும் பொதுவானவர்கள். ஒரு ராசா உச்சத்தில் தொடங்குகிறார், அடுத்த ராசா அடியில் தொடங்குகிறார் என்றால் நடுவில் நிற்பவர்கள் இரவு முழுக்க ஏறி இறங்கவேண்டும். ஆகவே முதல் வாரத்திலேயே எல்லோரையும் அண்ணாவியாரின் குரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். ஒன்பது மணிக்குச் சுகமாக இருக்கும் உயரம் மூன்று மணிக்குச் சுகமாக இராது. பழகும்போது வசதியாகத் தெரிகிற உயரத்தைவிடச் சற்று இறக்கி வைத்துக்கொள்பவர்தான் விடியும்வரை படிப்பார்.

ஆட்டம் பழகும்போது முதலில் தாளக்கட்டை வாயால் சொல்லவைப்பார்கள். பிறகு அதைச் சொல்லிக்கொண்டே மிதிக்கவைப்பார்கள். பிறகுதான் மத்தளம். வாயில் வராத தாளக்கட்டு காலில் வராது. இந்த ஒழுங்கைத் தாண்டி நேரே மத்தளத்துக்குப் போகிறவர்கள் முன்னால் ஆடுபவரின் காலைப் பார்த்து ஆடப் பழகிவிடுவார்கள். தனியே விட்டால் தடுமாறுவார்கள்.

கால் ஓரளவு உறுதியான பிறகு சதங்கை அணிதல் நடக்கும். அதை ஒரு விழாவாகவே செய்வார்கள். முதல் நாளிலேயே சதங்கையைக் கட்டாமல் இருப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. சதங்கை காலை அப்படியே காட்டிக்கொடுக்கும். பத்துப் பேர் பிழையான இடத்தில் மிதித்தால் அந்தச் சத்தத்துக்குள் மத்தளமே கேட்காது. சதங்கை கட்டிய நாளிலிருந்து அண்ணாவியார் காலைப் பார்ப்பதை விட்டுக் காதால் திருத்தத் தொடங்குவார்.

பழகிய பகுதியைக் கிழமைக்கு ஒருதரம் ஊரார் முன்னால் ஆடிப் பார்ப்பது கிழமைக் கூத்து. அரங்கேற்றத்துக்கு முன்னால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரிசைப்படி ஆடிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். அடுக்குப் பார்த்தலில்தான் நேரப் பிழைகள் வெளியே வரும். ஒரே ஆள் இரண்டு பாத்திரம் ஆடினால் உடுப்பு மாற்றும் நேரம் போதுமா, கடைசிப் போருக்கு ஆட்டக்காரர் களைத்துப் போகிறார்களா என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். பிறகு அரங்கேற்றம். அதற்கும் பிறகு வீட்டுக்கு வீடு போய்ச் சிறு பகுதிகளை ஆடி, வீட்டார் கொடுப்பதை வாங்கிக்கொள்வதும் மரபு.

மேடைக்கும் மைக்குக்கும் வந்தபோது

1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘நாடகம’ என்ற சிங்கள நாட்டுக்கூத்து மரபை எடுத்து மனமே என்ற நாடகத்தை உருவாக்கினார். அந்த நாடகம மரபுக்கும் தமிழ்க் கூத்துக்கும் உறவு உண்டு. அதைத் தொடர்ந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர் மேடையேறியது. பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பிறகு வந்த இராவணேசனில் சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். விடிய விடிய ஆடியது சில மணித்தியாலத்துக்குள் வந்தது. வட்டம் போய், சனம் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் மேடை வந்தது.

இப்படிச் சுருக்குவது தப்பு என்று நாம் சொல்லவில்லை. அந்த முயற்சி இல்லாவிட்டால் நகரத்தவர் பலருக்குக் கூத்து என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் போயிருக்கும். ஆனால் சுருக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. பாட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள், எடுத்த பாட்டை முழுமையாக விடுங்கள். 40 பாட்டைப் பிற்பாட்டு இல்லாமல் படிப்பதைவிட 15 பாட்டைப் பிற்பாட்டோடும் ஆட்டத்தோடும் செய்வது மேல். பிற்பாட்டை வெட்டினால் ஆட்டம் தொங்குவதற்கு ஆணி இல்லை. ஆட்டக்காரர் படிக்கவும் ஆடவும் ஒரே நேரத்தில் முயன்று இரண்டையும் கெடுப்பார்.

வட்டக்களரியில் செய்யும் பெரிய பிழை, கூத்தருக்கு முன்னால் ஸ்டாண்டில் மைக்கை நிறுத்துவது. படிக்கத் தொடங்கியதும் எல்லோரும் அந்த ஒரே இடத்துக்கு வந்து நிற்பார்கள். வட்டம் அந்த நிமிடமே செத்துவிடும். சட்டையில் குத்தும் சின்ன மைக் மார்பணியில் உரசும், வியர்வையில் நனைந்து நின்றுபோகும். நல்ல வழி இரண்டு மைக்கை நடுவில் மேலே தொங்கவிடுவது. பிற்பாட்டு அதற்கு நேர் கீழே இருக்கும், கூத்தரின் குரலும் ஓரளவு விழும். மிச்சத்தைப் பிற்பாட்டு பார்த்துக்கொள்ளும். மத்தளத்துக்குத் தனி மைக் தேவையே இல்லை. அது வைத்தால் சொல் மூழ்கிவிடும்.

ஸ்பீக்கர்களைக் களரிக்குள் பார்த்தபடி வைக்கக்கூடாது, வெளியே பார்த்துத் திருப்புங்கள். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். 34 மீற்றர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் விநாடியின் பத்திலொரு பங்கு பிந்தித் திரும்பிவரும். கேட்பவருக்கு அது சின்ன விடயம். தாளந் தீர்க்கிற காலுக்கு அது பெரிய இடைவெளி; எந்தச் சத்தத்துக்கு மிதிப்பது என்று ஆட்டக்காரர் குழம்பிவிடுவார்.

கைப்பேசியில் படம் எடுப்பவருக்கும் இதே விதி. கூத்தரின் முகத்தைத் துரத்திக்கொண்டு திரியாமல், கொஞ்சம் உயரமான ஓரிடத்தில் நின்று முழு வட்டமும் தெரியும்படி எடுங்கள். கால் வெட்டுப்பட்ட கூத்துப் படத்தால் பயனில்லை.

முதல் தரம் பார்க்கப் போகிறவருக்கு

முதல் ஒரு மணித்தியாலத்தைத் தவறவிடாதீர்கள். காப்பு என்ற கடவுள் வணக்கம் படிப்பதும் கட்டியகாரன் வருவதும் முதல் வரவுகளும் அப்போதுதான். ஒவ்வொரு பாத்திரத்தின் காலடியையும் அடையாளம் கண்டுகொள்ள அதுதான் நேரம். மத்தளம் நன்றாகக் கேட்கும் இடத்தில், பாயோ சாக்கோ விரித்து நிலத்தில் இருங்கள். நிலத்தில் இருந்தால் சதங்கை கண் மட்டத்தில் இருக்கும்.

கதை தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் வயதானவரிடம் கேளுங்கள், சந்தோசமாகச் சொல்வார். கூத்தர் படிக்கும்போது சொல்லைக் கேளுங்கள். பிற்பாட்டு தொடங்கியதும் முகத்தை விட்டுக் காலைப் பாருங்கள். நள்ளிரவுக்குப் பிறகு நித்திரை வந்தால் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். போர் தொடங்கும்போது மத்தளமே எழுப்பிவிடும்.